கெனீனா பந்திக்குப் போனது

பந்திக்குப் போகப்போகிறேன் என்று கெனீனா சொன்னபோது அவள் புருஷன் இவாண்டர் பின்வாசலில் குந்தி உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தான். புதன்கிழமை மத்தியானம். கடலிலிருந்து காற்று நேரே வந்து கதவை அடித்துக்கொண்டிருந்தது. சொன்னது காதில் விழுந்தது. விழாத மாதிரி இன்னொரு கிழங்கை எடுத்துத் தேய்த்தான்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. எந்தப் பந்தி?"

"கல்யாணப் பந்திக்கா போவேன்? கர்த்தரோட பந்தி. சனிக்கிழமை மூப்பருங்க முன்னால போய் நிக்கப்போறேன்."

"தண்ணி ஜில்லுனு இருக்கு. கதவைச் சாத்து" என்றான் இவாண்டர்.

அவள் சாத்தவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். மூன்று மாதத்தில் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தாள். வயிற்றில் கட்டி. என்ன கட்டி என்று அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றுவிட்டார் டாக்டர். வருகிற செவ்வாய்க்கிழமை அக்கரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கப்பலேறிப் போகவேண்டும்.

அந்தத் தீவின் ஹாலவிக் ஊரில் கோயிலுக்குப் போகாத வீடு கிடையாது. ஞாயிறு ஓய்வுநாளில் அங்கே நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும். ஆனால் கோயிலுக்குப் போவது வேறு, பந்தியில் உட்காருவது வேறு. வசந்தத்தில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு பந்தி. வியாழன் தொடங்கித் திங்கள் வரை பிரசங்கம். ஞாயிற்றுக்கிழமை முன்னால் வெள்ளைத்துணி விரித்த மேசையில் அப்பமும் திராட்சரசமும். அதை எடுக்க 'முன்னே போன' ஆளாயிருக்க வேண்டும். முன்னே போவதென்றால் சபையை நடத்தும் மூப்பர்களின் நடுவே நின்று, கர்த்தர் தன்னிடத்தில் என்ன செய்தார் என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். அவர்கள் திருப்தியானால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் ஈய வில்லை கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வில்லையைக் கொடுத்துவிட்டு உட்காரலாம். ஊரில் முக்கால்வாசிப் பேர் சாகும்வரை முன்னே போவதில்லை. நம்பாததால் இல்லை. அளவுக்கு மீறி நம்பினார்கள். தகுதியில்லாமல் தின்று குடித்தால் ஆக்கினைத்தீர்ப்பு வரும் என்று வேதத்தில் இருக்கிறதே, அதைத்தான் முதலில் நம்பினார்கள். தகுதி வரட்டும், வரட்டும் என்று பின்பெஞ்சிலேயே நரைத்துப்போனார்கள்.

கெனீனாவும் அப்படித்தான். ஒருதரம் மூப்பர் கூட்டம் நடக்கிற அறைக்கதவு வரைக்கும் போனாள். கைப்பிடியில் கைவைத்தவள், அடுப்பில் கிழங்கு வேகிறது என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டாள். அடுப்பில் ஒன்றும் வேகவில்லை. ஊரில் யாராவது ஒரு காரியத்துக்குக் கிளம்பிப் பாதியில் வந்தால் 'கெனீனாவுக்குக் கிழங்கு வெந்திடுச்சா' என்று ரொம்ப நாள் கேலி ஓடியது.

"இத்தனை வருஷம் இல்லாதது இப்ப எதுக்கு?" என்றான் இவாண்டர்.

"இத்தனை வருஷம் இல்லைங்கிறதுக்காகத்தான்."

"அவங்க கேட்டா என்ன சொல்லுவ?"

"அதான் தெரியல. மத்தவங்களுக்கு ஒரு நாள் இருக்கு, ஒரு வசனம் இருக்கு. இந்தப் பிரசங்கத்துல உடைஞ்சேன், இந்த வயல்ல அழுதேன்னு சொல்றாங்க. எனக்கு அப்படி ஒண்ணும் நடக்கலையே. பயம் மட்டுந்தான் இருக்கு."

"அப்ப வீட்டுல இரு. பயத்துக்கு யாரும் வில்லை கொடுக்கமாட்டான்."

வாளியைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டினான். அவன் சொன்னது அவ்வளவுதான். நினைத்தது வேறு. அந்தத் தீவில் கிழடுகள் கடைசிக் காலத்தில் முன்னே போவார்கள். போனவர்கள் அடுத்த பந்தி வரைக்கும் தங்குவது அபூர்வம். சவப்பெட்டிக்கு அளவெடுத்த மாதிரி அது. கெனீனா போய்ச்சேரத் தயாராகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் தயாராவது அவனுக்குப் பிடிக்கவில்லை.

மூப்பர்கள் மேல் அவனுக்கு என்றைக்கும் நம்பிக்கை கிடையாது. அவன் அப்பா பந்தியில் உட்கார்ந்தவர். ஒரு சனிக்கிழமை புயலில் படகு மாட்டிக்கொண்டு ஓய்வுநாள் காலையில்தான் கரைசேர்ந்தது. படகை இழுத்து ஏற்றினார். வலையில் கிடந்த ஹெர்ரிங் மீன் நாறிவிடுமே என்று உப்பும் போட்டுவிட்டார். படகை இழுத்தது அவசியம், உப்புப் போட்டது வேலை என்று மூப்பர்கள் தீர்ப்புச் சொல்லி வில்லையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. சாகிறவரை கதவோரப் பெஞ்சில்தான் உட்கார்ந்தார். இவாண்டரும் அந்தப் பெஞ்சில்தான். அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவருடைய மகன்தான் இப்போது மூப்பராக இருக்கும் ஃபின்லே. இடுப்பு எலும்பு தேய்ந்து ஒருக்களித்து நடப்பதால் 'நண்டு' ஃபின்லே. அவனும் இவாண்டரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

வியாழக்கிழமை உபவாச நாள். கொட்டகையில் இவாண்டரின் தறி சும்மா நின்றது. அக்கரைக் கடைகளுக்குப் போகும் கம்பளித்துணி அதில் பாதி நெய்தபடி கிடந்தது. மற்ற நாளில் அந்தத் தறிச் சத்தத்தில் கெனீனா கூப்பிடுவது கேட்காது. இப்போது அவள் மாடிப்படியில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பந்திக்கு வேற்றூரிலிருந்து வருகிறவர்கள் வீடுவீடாகத் தங்குவார்கள். இவர்கள் வீட்டுக்கு எப்போதும் வருகிற பெகியக்கா வந்திறங்கினாள். தெற்குக் கோடி ஊர்க்காரி, விதவை, பந்தியில் உட்காருகிறவள். வாயும் பெரிது, பசியும் பெரிது.

வெள்ளிக்கிழமை கேள்வி நாள். அன்றைக்குப் போதகர் பேசமாட்டார். பந்தியில் உட்காருகிற ஆண்களை ஒவ்வொருவராக எழுப்புவார்கள். மெய்யான விசுவாசிக்கு என்ன அடையாளம் என்று அவர்கள் சொல்லவேண்டும். ஒருவன் ஜெபத்தில் தாகம் என்றான். ஒருவன் பாவத்தின்மேல் வெறுப்பு என்றான். வடக்கிலிருந்து வந்த ஒருவர், மரணத்தைக் கண்டு நடுங்காத இருதயம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதவோரப் பெஞ்சில் கெனீனா மடியிலிருந்த கையுறையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஆட்டுக்கறிச் சாறும் கிழங்குமாக உட்கார்ந்தார்கள். கெனீனா கரண்டியை வைத்துவிட்டாள்.

"என்கிட்ட ஒரு அடையாளமும் இல்லை பெகியக்கா."

"அடையாளமா? ஆட்டுக்கு அடையாளமாக் காதுல வெட்டி விடுறானே, அந்த மாதிரி பேசறானுங்க இன்னைக்கு. எந்த ஆடும் தன் காதைத் தானே பாத்ததில்லை. நீ சாப்பிடு."

"மரணத்துக்கு நடுங்காத இருதயம்னாரே அவரு."

"அவரா? போன மாசம் பல்லைப் பிடுங்கப் போன இடத்துல மயங்கி விழுந்தவரு. அவரு பொண்டாட்டியே சொன்னா." பெகி இன்னொரு கிழங்கின் தோலை உரித்தாள். "தம்பி, அந்த உப்பைத் தள்ளு. நீ ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்க? உனக்கா வயித்துல அறுக்கறாங்க?"

"நீங்க பந்தியில எத்தனை வருஷமா உக்காருறீங்க அக்கா?" என்றான் இவாண்டர்.

"இருபதுக்கு மேல."

"உக்காந்து என்ன கிடைச்சுது?"

"ஒரு துண்டு அப்பம், ஒரு வாய் ரசம்" என்றாள் பெகி. "அதைக்கூட என் கையால நான் சம்பாதிக்கல. உன் வீட்டுக் கறியும் அப்படித்தான். இன்னும் கொஞ்சம் ஊத்து."

கெனீனா சிரித்தாள். சிரித்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். அதற்குமேல் இவாண்டரால் உட்கார முடியவில்லை. கறியில் ஒரு துண்டைத் தாளில் சுற்றிக்கொண்டு, ஃபின்லேக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான்.

ஃபின்லே வீட்டுப் பக்கவாட்டில் அடுப்பெரிக்கிற கரிமண் கட்டிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தான். வசந்தத்தில் சதுப்பில் வெட்டிக் காயவைத்து, வீட்டளவு உயரத்துக்குப் போர் போட்டது. மழை சாய்வாகத் தூறியது.

"கறியா? நீயா?" என்றான் ஃபின்லே. "கடைசியா நீ எனக்குக் கொடுத்தது மூணாங்கிளாஸ்ல ஒரு குத்து."

"கூடையைக் கொடு. உன் இடுப்புக்கு இது ஆகாது." இவாண்டர் கூடையை வாங்கி அடுக்க ஆரம்பித்தான். பிறகு நிமிராமலே சொன்னான்: "நாளைக்கு கெனீனா உங்க முன்னால வரப்போறா."

"வரட்டும். நல்லது."

"திருப்பி அனுப்பிடு."

ஃபின்லே கையிலிருந்த கட்டியைக் கீழே வைத்தான்.

"அவகிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நாளும் இல்ல, வசனமும் இல்ல. நீங்க கேப்பீங்க, அவ முழிப்பா. எங்கப்பாவை நிறுத்தின மாதிரி எல்லாருக்கும் தெரியற மாதிரி நிறுத்தவேண்டாம். நீ முன்னாடியே தனியாக் கூப்பிட்டு, அடுத்த பந்திக்குப் பாக்கலாம்னு பதமாச் சொல்லிடு. அடுத்ததுக்குன்னு சொன்னா அவளும் அடுத்தது வரைக்கும்..." அதோடு நிறுத்திக்கொண்டான்.

"இருப்பாங்கிற."

கூடை நிறைந்த பிறகும் இவாண்டர் அதன்மேல் கட்டிகளை வைத்துக்கொண்டிருந்தான். வைத்தது உருண்டு விழுந்தது.

"டேய், ஒண்ணு கேக்கறேன்" என்றான் ஃபின்லே. "இதை அவ புருஷனாக் கேக்கறியா, உங்கப்பா பிள்ளையாக் கேக்கறியா?"

"ரெண்டும் நான்தான். நீ மூப்பர். கதவு உன் கையில இருக்கு. சாத்துன்னு சொல்றேன். உங்கப்பாவுக்குச் சாத்தத் தெரிஞ்சுதே."

"தெரிஞ்சுது." ஃபின்லே மழையில் நனைந்த தொப்பியைக் கழற்றி உதறினான். "அதை அவரு சாகிறவரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு. உப்புக்காக ஒரு மனுஷனை நிறுத்திட்டேனேன்னு. உங்கப்பாகிட்ட வந்து சொல்லியிருக்கலாம். சொல்லல. வெக்கம். நான் ஒவ்வொரு பந்திக்கும் வில்லையை வாங்கறப்போ, இன்னைக்கு யாராவது எனக்குத் தகுதியில்லன்னு கண்டுபிடிச்சு எழுப்பிவிட்டுடுவாங்கன்னு பயம். மூப்பராகியும் அது போகல. இதுல நான் யாருக்குக் கதவைச் சாத்த?"

"அப்ப செய்யமாட்ட."

"மாட்டேன். நல்லா சொல்லுவாளா முழிப்பாளான்னும் எனக்குத் தெரியாது. மத்தவங்க என்ன சொல்லுவாங்கன்னும் தெரியாது. நாளைக்குப் பக்கத்துக் கதவு வழியாக் கூட்டிட்டு வா. முன்வாசல் படி வழுக்குது."

"நீ ஒண்ணுக்கும் லாயக்கில்லாத மூப்பன்."

"அதைத்தானே இவ்வளவு நேரமாச் சொல்லிட்டிருக்கேன்" என்றான் ஃபின்லே. "கறிக்கு நன்றி."

சனிக்கிழமை ஆராதனை முடிந்ததும் இவாண்டர் வேனைக் கோயில் பக்கவாட்டில் நிறுத்தினான். கெனீனா கறுப்புக் கோட்டுக்குள் ஒரு குச்சி மாதிரி இருந்தாள். இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"வீட்டுக்குப் போகணும்னா சொல்லு, திருப்பறேன்" என்றான்.

"கிழங்கு வேகல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் மழை வழிந்தது. துடைப்பானை ஓடவிட்டான், நிறுத்தினான். கல்லறை மேட்டில் ஆடுகள் சுவரோரம் ஒதுங்கி நின்றன. உள்ளே எட்டுப் பேர் சேர்ந்து ஒரு நோயாளிப் பெண்ணைக் கேள்வி கேட்கிறார்கள் என்று நினைத்தபோது அவனுக்குக் கை முறுக்கேறியது. அவள் அழுதுகொண்டு வந்தால் உள்ளே போய் ஒருவனையாவது சட்டையைப் பிடிப்பது என்று முடிவுகட்டினான். யாரை என்பதில்தான் தயக்கமிருந்தது.

அவள் அழுதுகொண்டுதான் வந்தாள். ஏறி உட்கார்ந்தாள். கையுறைக்குள் ஏதோ இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என்ன பண்ணினாங்க?"

"கொடுத்துட்டாங்க."

"அப்புறம் எதுக்கு அழுவற?"

"தெரியல. வண்டியை எடு."

எடுத்தான். வண்டி சதுப்பைத் தாண்டியது. பிறகு தானாகச் சொன்னாள்.

"போதகர்தான் கேட்டாரு. உங்களை இங்க எது கொண்டுவந்துச்சுன்னு. நான் ராத்திரி பூரா யோசிச்சு வச்சிருந்தது எல்லாம் போச்சு. பயம்னேன். பயத்துல வந்தேன், செவ்வாய்க்கிழமை என்ன ஆகும்னு தெரியல, செத்தா எங்க போவேன்னும் உறுதியாத் தெரியல, மத்தவங்களுக்கு இருக்கற மாதிரி எனக்கு ஒண்ணும் இல்லன்னேன். எல்லாம் போச்சு, திரும்பிப் போயிடலாம்னு நினைச்சேன். அப்ப ஃபின்லே கேட்டான், பயம்னா ஓடி ஒளியத்தானே தோணும், இங்க ஏன் வந்தன்னு. எனக்குப் போக வேற இடம் இல்லையேன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஃபின்லே அழுதுட்டான். அவனைப் பாத்து நானும்."

"நண்டு அழுமா" என்றான் இவாண்டர்.

"நேத்து அவன் வீட்டுக்குப் போனியே. என்னை நிறுத்தச் சொன்னியா?"

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இவாண்டருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் அவளிடம் நிற்காது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கறி கொடுக்கற ஆளா நீ?"

"சொன்னேன்" என்றான். "நிறுத்துன்னுதான் சொன்னேன்."

அவள் திட்டுவாள் என்று இருந்தான். கெனீனா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "நாப்பது வருஷமா நானே என்னை நிறுத்திட்டு இருந்தேன். அந்த வேலைக்குப் புதுசா நீ எதுக்கு?" பிறகு, "நான் சாகறதுக்காகப் போகல இவாண்டர். பிழைப்பேன்னு நினைச்சும் போகல. ரெண்டும் எனக்குத் தெரியல. தெரியாமலேதான் போறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காற்று அடங்கியிருந்தது. கோயில் நிறைந்து, நடைபாதையில்கூடப் பலகை போட்டிருந்தார்கள். பெகியக்கா முன்னாலேயே போய்விட்டாள். கதவோரப் பெஞ்சில் இவர்கள் இருவரும். பிரசங்கம் முடிந்தது. தகுதியில்லாதவர்கள் யார், வரத்தக்கவர்கள் யார் என்று போதகர் நெடுநேரம் பிரித்துச் சொன்னார். பிறகு வேதத்துச் சங்கீதப் பாட்டு தொடங்கியது. முன்பாடகர் ஓரடியைத் தனியாக எடுத்துக் கொடுக்க, சபை முழுதும் அதை வாங்கி இழுத்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாய் வளைத்து, அலை ஒதுங்குகிற மாதிரி கொண்டுபோய் விட்டது. அந்தப் பாட்டு நடக்கும்போதுதான் பந்திக்காரர்கள் எழுந்து போகவேண்டும். பாட்டு முடிந்தால் மேசையை அடைத்துவிடுவார்கள்.

ஒவ்வொருவராய் எழுந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு, திருடப் போகிறவர்கள் மாதிரி மெல்ல நடந்தார்கள். கெனீனா எழுந்தாள். முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு அடி பாடி முடிந்தது. இன்னொரு அடி. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"முடியல" என்றாள், காதோடு.

அவன் கேட்டது நடந்துவிட்டது. யாரும் நிறுத்தாமல், யாரும் அவமானப்படுத்தாமல், தானாகவே அவள் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் பாட்டு முடிந்துவிடும். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாறு கொடுக்கலாம். இவாண்டர் அவளைப் பார்த்தான். அவள் அழவில்லை. வாயை இறுக்கி, இத்தனை வருஷமும் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள். அதே முகம். ஒவ்வொரு பந்திக்கும் அந்த முகத்தோடுதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவன்தான் பார்த்ததில்லை. அந்த முகத்தோடு அவளைச் செவ்வாய்க்கிழமை கப்பலேற்ற வேண்டியிருக்கும்.

"எந்திரி" என்றான்.

"காலு நிக்கல."

"பயம்னுதானே அவங்ககிட்ட சொன்ன. சொல்லியும் கொடுத்தாங்கல்ல. எந்திரி. நான் பிடிச்சுக்கறேன்."

"நீ வரக்கூடாது. எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

கையை அவள் அக்குளுக்கடியில் கொடுத்துத் தூக்கினான். கனமே இல்லை. நடைபாதையில் இறங்கினார்கள். அவனுடைய பெஞ்சிலிருந்து முன்மேசை வரைக்கும் அவன் வயசு வந்த நாளிலிருந்து நடந்ததில்லை. பக்கவாட்டில் தலைகள் திரும்பின. பாடுகிற வாய்கள் ஒன்றிரண்டு நின்று மறுபடி பாடின. வில்லையில்லாத மனுஷன் எங்கே போகிறான் என்று அவர்கள் நினைப்பது அவனுக்குத் தெரிந்தது. பாதி வழியில் கெனீனா நின்றாள். அவனும் நின்றான். முன்பாடகர் அடுத்த அடியை எடுக்கும்வரை அப்படியே நின்று, எடுத்ததும் நடந்தார்கள்.

மேசையின் ஓரத்தில் ஃபின்லே வில்லைகளை வாங்கிக்கொண்டிருந்தான். கையை நீட்டினான். கெனீனா கையுறையைக் கழற்றி வில்லையை வைத்தாள். ஃபின்லே இவாண்டரைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஒரு பெண் நகர்ந்து இடம்விட்டாள். கெனீனா உட்கார்ந்தாள். அவள் கை அவன் சட்டைக்கையைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவாகவே விட்டது.

இவாண்டர் திரும்பி நடந்தான். வரும்போது ஒருத்தி பாரமாவது இருந்தது. போகும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தான்.

முன்வரிசையில் எல்லாப் பெண்களும் கறுப்புத் தொப்பி. எல்லார் முதுகும் குனிந்திருந்தது. கெனீனா எங்கே என்று தேடினான். இடதிலிருந்து எண்ணிப் பார்த்தான், தூண் மறைத்தது. சற்று எழும்பிப் பார்த்தான். அதுவா, அதற்கடுத்ததா, தெரியவில்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளை அந்தக் கூட்டத்தில் அவனால் பிரித்தெடுக்க முடியவில்லை. பாட்டு முடிந்தது. அப்பம் பிட்கிற சத்தம்கூடக் கேட்கும் போல அவ்வளவு அமைதி. தட்டு அந்தத் தொப்பிகளுக்குள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. அவள் கைக்கு வந்ததா, அவள் எடுத்தாளா, ஒன்றும் தெரியவில்லை.

பார்த்துக்கொள் என்று அவன் மனதுக்குள் சொன்னான். யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னான். மூப்பர்களை அவன் நம்பவில்லை, டாக்டரை நம்பவில்லை, கர்த்தரையும் நம்புகிறேன் என்று யாரிடமும் சொல்லமாட்டான். அவனுக்கும் சொல்ல வேறு ஆள் இல்லை. கையால் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னான்: எனக்கு இங்கேயிருந்து தெரியல. நீ பார்த்துக்கோ.